நகரும் வீடு, நகராத கோள்: டிஷ் ஆன்டெனா காட்டும் வான் எல்லைகள்

தமிழ்நாட்டில் ‘கேரவன்’ என்றதும் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். பிரிட்டனில் அச்சொல் காருக்குப் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் சிறு வீட்டைக் குறிக்கும். ஓட்டுநர் இருக்கை, படுக்கை, அடுப்பு, கழிப்பறை அனைத்தும் ஒரே ஊர்தியில் அடங்கியது மோட்டார்ஹோம். விடுமுறைக்குச் செல்லும் குடும்பங்களும், குளிர்காலத்தை ஸ்பெயின் கடற்கரையில் கழிக்கப் புறப்படும் ஓய்வுபெற்றோரும் இவ்விரண்டையும் பயன்படுத்துகின்றனர். முகாம் திடலில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்கு அணை வைத்து, மின்சாரம் இணைத்த பிறகு பலர் செய்யும் அடுத்த வேலை டிஷ் ஆன்டெனாவுக்குத் திசை பார்ப்பது.

பார்வைக்கு இது சிறிய வேலை. எனினும் எந்த டிஷ்ஷை வாங்குவது, எங்கே பொருத்துவது, எந்தப் பக்கம் திருப்புவது என்ற மூன்று கேள்விகளுக்கான விடைகள் கடந்த அரை நூற்றாண்டில் பலமுறை மாறியுள்ளன. தொழில்நுட்ப முன்னேற்றம் அம்மாற்றங்களுக்கு ஒரு காரணம் மட்டுமே. வானிலிருந்து வரும் அலை யாருக்கு உரியது, எந்த நிலப்பரப்போடு நிற்க வேண்டும் என்ற உரிமைச் சிக்கல் மற்றொரு காரணம். செயற்கைக்கோள் நாட்டெல்லைகளை அழித்துவிடும் என்று ஒருகாலத்தில் பரவலாக நம்பப்பட்டது. அந்நம்பிக்கை எங்கே தடுமாறியது என்பதை அறிய, எங்கும் நிலைத்து நில்லாத வீட்டின் கூரை நல்லதோர் இடம்.

ஆர்தர் சி. கிளார்க் 1945 அக்டோபரில் ‘வயர்லெஸ் வேர்ல்டு’ இதழில் எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்கலாம். நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 35,786 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் கோள், பூமி தன்னைத் தானே சுற்றும் அதே காலத்தில் ஒரு சுற்றை முடிக்கும். ஆகவே கீழிருந்து பார்ப்பவருக்கு அது வானில் ஒரே புள்ளியில் நிற்பதுபோல் தோன்றும். 1964இல் ஏவப்பட்ட சின்காம் 3 இவ்வாறு நின்ற முதல் கோள். கோள் நகராததால் ஆன்டெனாவும் நகர வேண்டியதில்லை. ஒருமுறை திருப்பி முடுக்கிவிட்டால் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கலாம். வீட்டுக்கூரை டிஷ்ஷின் மலிவு இந்த எளிமையிலிருந்தே பிறந்தது.

ஆனால் இவ்வெளிமை வீடும் நகராது என்ற எடுகோளின் மேல் நிற்கிறது. வண்டி இடம் மாறும்போது மூன்று கோணங்கள் மாறுகின்றன. முதலாவது திசைக்கோணம், அதாவது வடக்கிலிருந்து எத்தனை பாகை திருப்புவது. இரண்டாவது ஏற்றக்கோணம், அதாவது அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயர்த்துவது. மூன்றாவது, டிஷ்ஷின் முன்கையில் இருக்கும் எல்என்பி என்னும் அலைவாங்கித் தலையை அதன் அச்சில் எவ்வளவு சுழற்றுவது. கிழக்கு 28.2 பாகையில் நிற்கும் ஆஸ்ட்ரா கோள்களை லண்டனிலிருந்து நோக்கினால் ஏற்றக்கோணம் ஏறத்தாழ 25 பாகை. ஸ்காட்லாந்தின் வடபகுதியில் அது 19 பாகைக்கு இறங்கும். தென் ஸ்பெயினில் 35 பாகைக்கு ஏறும். சென்னையிலிருந்து இன்சாட் கோள்கள் நிற்கும் கிழக்கு 83 பாகையை நோக்கும் டிஷ்ஷுக்கோ இது 70 பாகையைத் தாண்டும். நம் மொட்டைமாடி டிஷ்கள் வானத்தை அண்ணாந்து பார்ப்பதும், பிரிட்டிஷ் டிஷ்கள் எதிர்வீட்டைப் பார்ப்பதுபோல் நிற்பதும் இதனால்தான்.

இக்கணக்கின் விளைவு முகாம் திடலில் உடனே தெரியும். ஏற்றக்கோணம் 25 பாகையாக இருக்கும்போது, கோளின் திசையில் நிற்கும் பத்து மீட்டர் உயர மரம் ஏறத்தாழ 21 மீட்டர் தொலைவுவரை அலையை மறைக்கும். வடக்கே செல்லச்செல்ல அம்மறைவு நீளும். நிழலுக்காக மரத்தடியைத் தேடுபவர் தொலைக்காட்சியை இழப்பார். தொலைக்காட்சியைத் தேடுபவர் வெயிலில் நிற்க நேரும். ஆகவே எந்தக் கருவி சிறந்தது என்ற கேள்விக்கு முன், வண்டி எத்தகைய இடங்களில் நிற்கப்போகிறது என்ற கேள்வி வந்துவிடுகிறது.

இச்சிக்கலை முழுமையாகத் தலைகீழாக்கிய ஒரு நிகழ்வு இந்திய வரலாற்றில் உண்டு. 1969இல் இந்திய அணுசக்தித் துறையும் அமெரிக்காவின் நாசாவும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, ஏடிஎஸ்-6 என்ற அமெரிக்கக் கோள் ஓராண்டு இந்தியாவுக்குக் கடனாகக் கிடைத்தது. 1974 மே மாதம் ஏவப்பட்டு அமெரிக்காவை நோக்கி நின்ற அக்கோள், 1975இல் கிழக்கு 35 பாகைக்கு நகர்த்திக் கொண்டுவரப்பட்டது. பார்ப்பவருக்காகக் கோள் இடம்பெயர்ந்தது என்பதே இதன் தனித்தன்மை. சைட் என்று அழைக்கப்பட்ட அச்சோதனை 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை நடந்தது. ஆந்திரம், கர்நாடகம், ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 சிற்றூர்களுக்கு அது வேளாண்மை, உடல்நலம், கல்வி சார்ந்த நிகழ்ச்சிகளைக் கொண்டுசென்றது. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மாலையில் ஊராருக்கும் ஒளிபரப்பு இருந்தது.

அவ்வூர்களில் நிறுவப்பட்ட ஆன்டெனா மூன்று மீட்டர் விட்டம் கொண்டது. கோழிக்கூண்டுக்குப் பயன்படும் கம்பிவலையால் ஆனது. அலையின் நீளம் பெரிதாக இருந்ததால் வலையின் ஓட்டைகள் குறையாகவில்லை. காற்று வலையினூடே புகுந்து செல்லும், எடையும் குறைவு, பழுதுபார்க்க உள்ளூர்க் கைகளே போதும். மின்சாரம் எட்டாத சில ஊர்களில் பெட்டிகள் மின்கலத்தில் இயங்கின. கோளில் இருந்த ஒன்பது மீட்டர் அகல ஆன்டெனா அலையைக் குவித்து அனுப்பியதால்தான், கீழே இவ்வளவு எளிய கருவி போதுமானதாயிற்று. மேலே ஆற்றல் கூடினால் கீழே டிஷ் சிறுக்கும் என்ற விதியே பின்னாளில் கேரவன் கூரைக்கும் வழிதிறந்தது.

இதே ஆண்டில் நிகழ்ந்த இரண்டு செய்திகள் கவனத்துக்குரியவை. கொழும்பில் வாழ்ந்த கிளார்க்கின் வீட்டில் இஸ்ரோ பொறியாளர்கள் ஓர் ஆன்டெனாவை நிறுவிக் கொடுத்தனர். இலங்கையில் தொலைக்காட்சி ஒளிபரப்பே தொடங்கியிராத காலம் அது. மற்றொன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் நிகழ்ந்தது. ஸ்டீபன் பர்க்கில் என்ற ஒளிபரப்புப் பொறியாளர், வீட்டிலேயே அமைத்த கருவியைக் கொண்டு இந்தியச் சிற்றூர்களுக்கான நிகழ்ச்சிகளைப் பிடித்துப் பார்த்தார். பீகாரின் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப்பட்ட அலை ஆங்கிலத் தோட்டமொன்றிலும் விழுந்தது. யாரும் அதைத் திட்டமிடவில்லை. யாரும் அதைத் தடுக்கவும் இல்லை. செயற்கைக்கோளுக்கு எல்லை கிடையாது என்ற நம்பிக்கைக்கு இதைவிடச் சிறந்த சான்று அன்று தேவைப்பட்டிருக்காது.

சைட் ஆண்டு முடிந்ததும் கோள் மீண்டும் நகர்த்தப்பட்டது. கம்பிவலை டிஷ்கள் நின்ற இடத்திலேயே நின்றன. அவை நோக்கிய புள்ளி வெறுமையாயிற்று. பின்னாளில் மோட்டார்ஹோம் பயணிகள் ஒளிபரப்புத் தடத்தைவிட்டு வெளியே சென்று அலையை இழந்தனர். 1976இல் ஊர் அங்கேயே இருக்க, தடம் அதைவிட்டு விலகிற்று. இரண்டிலும் முடிவெடுத்தவர் பார்ப்பவர் அல்லர்.

ஐரோப்பாவில் டிஷ் நகரும் வீட்டுக்குள் நுழைந்த காலத்தை 1989 என்று கொள்ளலாம். லக்சம்பர்க்கைச் சேர்ந்த எஸ்இஎஸ் நிறுவனத்தின் ஆஸ்ட்ரா 1ஏ, 1988 டிசம்பரில் ஏவப்பட்டது. 1989 பிப்ரவரி 5 அன்று ஸ்கை தொலைக்காட்சி அதன்வழி ஒளிபரப்பைத் தொடங்கியது. அதுவரை கோள் அலையைப் பிடிக்க விரும்பிய தனிநபர்கள் தோட்டத்தில் பெரிய டிஷ்ஷை நிறுத்த வேண்டியிருந்தது. ஆஸ்ட்ராவுக்கு 60 சென்டிமீட்டர் டிஷ் போதும். அந்த அளவு ஒரு மனிதன் ஒரு கையால் தூக்கக்கூடியது. கேரவன் படுக்கையின் அடியில் கிடத்தக்கூடியது. ஒரு முக்காலி, ஒரு திசைகாட்டி, சில மீட்டர் கேபிள், ஒரு ரிசீவர் ஆகியவை சேர்ந்தால் நகரும் வீட்டுக்கும் கோள் தொலைக்காட்சி கிட்டும்.

கருவிகள் பல வகையாகக் கிளைத்தது இதற்குப் பின்னரே. முதல் வகை, தரையில் முக்காலியில் நிறுத்திக் கையால் திருப்புவது. விலை குறைவு, வண்டி மரத்தடியில் நின்றாலும் டிஷ்ஷை மட்டும் வெளியே வெயிலில் கொண்டுபோய் வைக்கலாம் என்பது இதன் பெரும் நன்மை. காற்றடித்தால் சாயும், மழையில் நனைந்துகொண்டே திருப்ப நேரும், களவுபோகவும் கூடும். இரண்டாம் வகை, கூரையில் பொருத்தி உள்ளிருந்தபடியே கைப்பிடியால் உயர்த்தித் திருப்புவது. மூன்றாம் வகை, பொத்தானை அழுத்தினால் தானே எழுந்து, ஜிபிஎஸ் உதவியால் இருப்பிடம் அறிந்து, கோளைத் தேடிப் பூட்டிக்கொள்வது. நான்காம் வகை, குவிமாட மூடிக்குள் அடங்கியது. அவற்றுள் விலையுயர்ந்தவை வண்டி ஓடும்போதே கோளைத் தொடரும். மூடியின் அளவுக்குள் அடங்க வேண்டியிருப்பதால் உள்ளிருக்கும் டிஷ் சிறியது. ஆகவே அலை மெலியும் இடங்களில் நான்காம் வகையே முதலில் தோற்கும். வசதி கூடக்கூட எட்டும் தொலைவு குறைகிறது என்பது பல பயணிகள் வாங்கிய பிறகே உணர்ந்த உண்மை.

பொருத்துவதிலும் அறிய வேண்டிய நுட்பங்கள் உண்டு. 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் பார்வை ஏறத்தாழ மூன்று பாகை அகலமே. ஒன்றிரண்டு பாகை பிசகினாலும் படம் போய்விடும். வண்டி சமதளத்தில் நில்லாவிட்டால் கருவியில் குறித்த ஏற்றக்கோணம் பொய்யாகும். ஐரோப்பிய வீட்டு டிஷ்கள் பெரும்பாலும் எல்என்பி நடுவில் இல்லாமல் கீழே தள்ளி அமைந்த வகை. அவற்றின் முகம் செங்குத்தாக நிற்பதுபோல் தோன்றினாலும் பார்வை வானை நோக்கியே இருக்கும். இதையறியாத புதியவர் டிஷ்ஷை மல்லாத்திவைத்துக் கோளைத் தவறவிடுவார். கூரையில் துளையிட்டால் நீர்க்கசிவைத் தடுக்க வேண்டும். டிஷ்ஷின் எடை வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட சுமையில் சேரும். உயரம் கூடுவதால் பாலங்களின் அடியில் கவனம் தேவை. அனுபவசாலிகள் கையாளும் எளிய வழி ஒன்று உண்டு. அருகிலுள்ள ஊர்வீடுகளின் டிஷ்கள் எங்கே நோக்குகின்றன என்று பார்த்துத் தம்முடையதையும் அப்பக்கம் திருப்புவார்கள். நிலையான வீடு நகரும் வீட்டுக்குத் திசைகாட்டியாகிறது.

அமெரிக்காவில் இதே சிக்கல் சட்டத்தின் வடிவில் எழுந்தது. 1994இல் டைரெக்டிவி 18 அங்குல டிஷ்ஷுடன் தொடங்கியது. அதன் அலை வட்டமுனைவாக்கம் கொண்டதால் எல்என்பியைச் சுழற்றும் வேலை இல்லை. பயணிக்கு மூன்றில் ஒரு கோணம் மிச்சமாயிற்று. ஆனால் அங்குள்ள பெரிய ஒளிபரப்பு வலையமைப்புகள் ஊர்தோறும் உள்ள உள்ளூர் நிலையங்கள் வழியாகவே மக்களைச் சென்றடைந்தன. தொலைநகரின் நிலையத்தைக் கோள்வழி காட்டினால் உள்ளூர் நிலையத்தின் விளம்பர வருவாய் குன்றும். எனவே 1988ஆம் ஆண்டுச் சட்டம், கூரை ஆன்டெனாவால் உள்ளூர் அலையைப் பெறமுடியாத இல்லங்களுக்கு மட்டும் தொலைநகர் நிலையத்தைக் கோள்வழி தர அனுமதித்தது. அத்தகைய இல்லத்துக்கு ‘சேவை எட்டாத இல்லம்’ என்ற பொருளில் ஒரு சட்டப்பெயரும் வழங்கப்பட்டது.

இன்று டெக்சஸிலும் நாளை அரிசோனாவிலும் நிற்கும் மோட்டார்ஹோம் எந்த ஊரின் இல்லம்? 1999ஆம் ஆண்டுத் திருத்தம் இதற்கு விடை கூறிற்று. பொழுதுபோக்கு ஊர்திகளும் நெடுந்தொலைவு லாரிகளும், உரிய எழுத்துமூல உறுதிமொழியும் பதிவுச் சான்றும் தந்தால், எங்கே நின்றாலும் சேவை எட்டாத இல்லங்களாகவே கருதப்படும். ஓரிடத்தில் நிலையாக ஊன்றப்பட்ட நகர்வீடுகளுக்கு இச்சலுகை கிடையாது. 2019இல் இச்சட்ட ஏற்பாடு பெருமளவு சுருக்கப்பட்டபோதும், ஊர்திகளுக்கும் லாரிகளுக்குமான பகுதி தப்பியது. சக்கரம் உண்டா, அது உருள்கிறதா என்பது ஒளிபரப்புச் சட்டத்தின் அளவுகோலாயிற்று.

பிரிட்டனிலும் இதையொத்த பிரிவினை உண்டு. இழுத்துச் செல்லும் கேரவனுக்கு வீட்டின் தொலைக்காட்சி உரிமமே போதும். ஓரிடத்திலேயே நிற்கும் கேரவனுக்கு, வீட்டிலும் அங்கும் ஒரே நேரத்தில் பார்க்காதவரைதான் அவ்வுரிமம் செல்லும்.

ஆனால் பிரிட்டிஷ் பயணியின் உண்மையான இழப்பு உரிமத்தால் வந்ததன்று. கோளின் தடத்தால் வந்தது. 2003இல் பிபிசி தன் கோள் ஒளிபரப்பின் பூட்டை நீக்கி, ஆஸ்ட்ரா 2டி என்ற கோளுக்கு மாறியது. அக்கோளின் அலை பிரிட்டனையும் அயர்லாந்தையும் சுற்றிக் குவிக்கப்பட்டது. திரைப்படங்களையும் விளையாட்டுப் போட்டிகளையும் விற்பவர்கள் நாடுவாரியாக விற்கிறார்கள்; ஓர் ஒளிபரப்பாளர் ஒரு நாட்டுக்கு வாங்கிய உரிமையை அண்டை நாட்டுக்கும் பரப்ப இயலாது. அலையைப் பூட்டிவைத்தால் சந்தா அட்டை வேண்டும். அலை நாட்டைவிட்டு வெளியே அதிகம் சிந்தாது என்றால் பூட்டே வேண்டியதில்லை. 2008 மே மாதம் தொடங்கிய ஃப்ரீசாட் சேவை, சந்தா இல்லாமல் எவரும் பார்க்கலாம் என்ற வசதியை இந்த ஏற்பாட்டின் மேலேதான் கட்டியது. உள்நாட்டவருக்குக் கிடைத்த திறந்த கதவும் வெளிநாட்டில் எழுந்த சுவரும் ஒரே முடிவின் இரு பக்கங்கள்.

பயணியின் டிஷ் அச்சுவரின் உயரத்தை அளந்தது. வட பிரான்ஸில் சாதாரண டிஷ்ஷே வேலை செய்தது. தெற்கே செல்லச்செல்ல மேலும் அகன்ற டிஷ் வேண்டியதாயிற்று. தென் ஸ்பெயினில் ஒரு மீட்டரைத் தாண்டிய டிஷ் தேவைப்பட்டது. அதைக் கூரையில் சுமக்க எந்த மோட்டார்ஹோமாலும் எளிதில் இயலாது. 2014இல் பிபிசி, ஐடிவி அலைவரிசைகள் ஆஸ்ட்ரா 2இ என்ற புதிய கோளுக்கு மாறியபோது தடம் மேலும் இறுகிற்று. ஸ்பெயினில் வாழ்ந்த பிரிட்டிஷ் குடும்பங்கள் பலவற்றின் பெரிய டிஷ்களும் ஒரே நாளில் பயனற்றுப்போயின. எந்தக் கருவியிலும் பழுது இல்லை. ஏற்றக்கோணம் சரி; கேபிள் சரி; மரமும் மறைக்கவில்லை. அலை மட்டும் அவர்களுக்காக அனுப்பப்படவில்லை.

இந்தியாவில் இதே செய்தி வேறு வடிவில் வெளிப்பட்டது. 2004 டிசம்பரில் தூர்தர்ஷன் தொடங்கிய கட்டணமில்லா டிடிஎச் சேவை 60 சென்டிமீட்டர் அளவிலான டிஷ்ஷை நாடெங்கும் கொண்டுசென்றது. ஆனால் அதன் கேயு அலைவரிசைத் தடம் அந்தமான் நிக்கோபார் தீவுகளை எட்டவில்லை. அத்தீவுகளுக்காகச் சி அலைவரிசையில் தனிச்சேவை ஏற்படுத்த வேண்டியதாயிற்று. அதற்குப் பெரிய டிஷ் வேண்டும். ஒரே நாட்டுக்குள்ளும் தடத்தின் விளிம்பில் வாழ்பவர் கூடுதல் அளவிலான உலோகத்தைச் சுமக்க நேர்கிறது.

இப்போது கருவி மீண்டும் மாறுகிறது. 2022 மே மாதம் ஸ்டார்லிங்க் நிறுவனம் மோட்டார்ஹோம்களுக்கென ஒரு சேவையை அறிமுகப்படுத்தியது. ஏறத்தாழ 550 கிலோமீட்டர் உயரத்தில் விரையும் கோள்களை, அசையாது கிடக்கும் தட்டையான ஆன்டெனா மின்னணு முறையில் பின்தொடர்கிறது. திசைகாட்டியும் முக்காலியும் தேவையற்றுப்போயின. கோள் நிற்க வீடு நகர்ந்த காலம் போய், கோள்களே ஓடும் காலம் வந்துள்ளது. தொலைக்காட்சியும் இணையவழி வருகிறது.

எல்லை மறைந்ததா என்றால் இல்லை. அது கோளின் தடத்திலிருந்து பயனரின் கணக்குக்கு இடம்பெயர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் இயற்றி, 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறைப்படுத்திய விதி, தன் நாட்டில் சந்தா செலுத்திய இணையச் சேவையை ஒன்றியத்தின் பிற நாடுகளில் தற்காலிகமாகத் தங்கும்போதும் பார்க்கலாம் என்றது. பிரிட்டன் வெளியேறியபின், 2020 இறுதியோடு அவ்வுரிமை பிரிட்டிஷ் பயணியை விட்டு நீங்கியது. ஸ்பெயின் கடற்கரையில் நிற்கும் அதே மோட்டார்ஹோம் முதலில் கோளின் தடத்துக்கு வெளியே தள்ளப்பட்டது. பின்னர் சட்டத்தின் தடத்துக்கும் வெளியே தள்ளப்பட்டது.

ஊடக வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் நிகழ்ச்சிகளையும் நிறுவனங்களையும் கொள்கை ஆவணங்களையும் சான்றாகக் கொள்கின்றனர். பெறும் கருவியும் ஒரு சான்றே. ஒரு டிஷ்ஷின் விட்டம், அந்த இடத்தில் அலை எவ்வளவு வலுவாக விழுந்தது என்பதைச் சொல்கிறது. அதன் திசை, அவ்வீட்டார் எந்தக் கோளை, அதன்வழி எந்த மொழியை, எந்த நாட்டை நாடினர் என்பதைச் சொல்கிறது. ராய்ச்சூர்ச் சிற்றூரின் கம்பிவலைக் கிண்ணமும், அந்தமான் வீட்டின் பெரிய டிஷ்ஷும், மோட்டார்ஹோம் கூரையின் குவிமாடமும் அளவில் வேறுபட்டவை. எனினும் ஒவ்வொன்றின் அளவையும் வரையறுத்தது, அங்கே வாழ்ந்தவர் கேட்டது எவ்வளவு என்பதும் வானில் இருந்தவர் கொடுக்க இசைந்தது எவ்வளவு என்பதும்தான். 1976 ஆகஸ்டில் வெற்றுவானைப் பார்த்து நின்ற சிற்றூர் ஆன்டெனாக்களிலிருந்து இவ்வரலாற்றைப் படிக்கத் தொடங்கினால், பின்னால் நிகழ்ந்தவை பலவும் வியப்பளிப்பதில்லை.